வராத தண்ணீருக்கு உயர்ந்த விலை: சுள்ளிக்கல் ஏழைகளின் குடிநீர் ரசீதில் தில்லியின் கை

புது தில்லி: கேரள சட்டப்பேரவையில் 2023-ம் ஆண்டு பிப்ரவரி 3-ம் தேதி நிதிநிலை அறிக்கை தாக்கலானபோது, பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி என்ற அறிவிப்பே எல்லோர் கண்ணிலும் பட்டது. அதே தேதியில் நடைமுறைக்கு வந்த இன்னோர் உயர்வு அந்த அறிக்கையில் இல்லை. குடிநீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா கூடியது.

ஒரு பைசா இன்று நாணயமாகக்கூடக் கையில் கிடைக்காத தொகை. ஆனால் குடும்பம் நடத்துகிறவர்கள் தண்ணீரை ஆயிரம் லிட்டர் கணக்கில்தான் செலவழிக்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு ரூ. 4.41 ஆக இருந்த அடிப்படை விலை ஒரே நாளில் ரூ. 14.41 ஆயிற்று. மாதம் 5,000 லிட்டர் வரை பயன்படுத்தும் வீட்டின் குறைந்தபட்சக் கட்டணம் ரூ. 22.05-லிருந்து ரூ. 72.05-க்கும், 10,000 லிட்டர் பயன்படுத்தும் வீட்டின் கட்டணம் ரூ. 44.10-லிருந்து ரூ. 144.10-க்கும் உயர்ந்தன. கேரளத்தில் குடிநீர் ரசீது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஆகவே 10,000 லிட்டர் வீட்டுக்காரரின் கையில் ரூ. 88.20-க்குப் பதிலாக ரூ. 288.20 என்ற எண்ணோடு தாள் வந்து சேர்ந்தது.

பேரவைக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்போது இத்தகைய முடிவை அவைக்கு வெளியே உத்தரவாகப் பிறப்பித்தது முறையா என்று எதிர்க்கட்சியான காங்கிரஸ் கூட்டணி ஒழுங்குப் பிரச்னை எழுப்பியது. அமைச்சர் ரோஷி அகஸ்டின் அதை அவையிலேயே அறிவித்திருந்தால் நல்ல முன்மாதிரியாக இருந்திருக்கும் என்ற பொருளில் பேரவைத் தலைவர் ஏ.என். ஷம்சீர் தீர்ப்பளித்தார். அவை மரபு பற்றிய அந்த விவாதம் அத்துடன் முடிந்தது. கட்டணம் குறையவில்லை.

கட்டணம் உயர்ந்த அதே வாரங்களில் மேற்கு கொச்சியில் குழாய்கள் வறண்டு கிடந்தன.

குழாய் இருந்தது, நீர் இல்லை

மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் இடையே, நெருக்கமான வீடுகளும் சிறு கடைகளும் பட்டறைகளும் கொண்ட பகுதி சுள்ளிக்கல். மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். கிணறு தோண்டினால் உப்பு நீர். பெரியாற்றின் நன்னீரைப் படகுகளில் ஏற்றிவந்து கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் விற்ற காலம் ஒன்று இருந்தது. கெட்ட நீரும் கொசுவும் சேர்ந்து உண்டாக்கிய யானைக்கால் நோயை ஆங்கிலேயர்கள் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். மிளகும் இஞ்சியும் ஏலக்காயும் உலகத்துக்குப் போன துறைமுகத்தின் பின்தெருக்களில் ஒரு குடம் நன்னீர் காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது.

நம்மவர்களுக்கும் இந்தத் தண்ணீரோடு நேரடித் தொடர்பு உண்டு. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள், சுள்ளிக்கல்லிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஃபோர்ட் கொச்சி வேளிப் பகுதியில் இன்றும் தொழில் செய்கின்றனர். 1976-ம் ஆண்டு பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த சலவைத்துறை அங்கு உள்ளது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அந்தத் தெருக்களில் நீர் என்பது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமல்ல, கூலிக்கும் வேண்டியது.

மேற்கு கொச்சியின் தாகத்தைத் தீர்க்க வந்த பெரிய திட்டம், ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ் உருவானது. மூவாற்றுப்புழை ஆற்றில், பிறவம் அருகே பாழூரில் நீரை எடுத்து, மரடு சுத்திகரிப்பு நிலையத்தில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவுக்குச் சுத்தம் செய்து அனுப்பும் ஏற்பாடு அது. 2023-ம் ஆண்டு ஜனவரியில் பாழூர் நீரேற்று நிலையத்தின் 3 மோட்டார்களில் 2 பழுதடைந்தன. மரடு, கும்பளங்கி, செல்லானம், மேற்கு கொச்சி என வரிசையாகக் குழாய்கள் நின்றன. வாரக்கணக்கில் நீடித்த இந்தத் தட்டுப்பாட்டின்போது லாரிகளில் நீர் வழங்கப்பட்டது. ஆனால் மேற்கு கொச்சியின் பல சந்துகளில் பெரிய லாரி நுழைய முடியாது. சிறிய வண்டிகளைத் தேட வேண்டியிருந்தது. குடங்களோடு பெண்கள் சாலை மறியலில் இறங்கினர்.

இந்த மறியல்கள் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆயிரம் லிட்டருக்கு 10 ரூபாய் உயர்வு வந்தது.

அரசின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயிரம் லிட்டர் நீரைத் தயாரித்து வழங்க ரூ. 22.85 செலவாகிறது, வருவாயோ ரூ. 10.92 மட்டுமே என்பது கேரள குடிநீர் ஆணையத்தின் அன்றைய கணக்கு. வித்தியாசத்தை யாரேனும் தாங்கியாக வேண்டும். தாங்கியது பெரும்பாலும் மின்வாரியம். நீரேற்றும் மின்சாரத்துக்கான நிலுவை பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. குழாய்கள் பழையவை, தொட்டிகள் பழையவை. 2025-ம் ஆண்டு நவம்பர் 10-ம் தேதி அதிகாலையில் கொச்சி தம்மனத்தில் 1 கோடியே 35 லட்சம் லிட்டர் கொள்ளளவு கொண்ட குடிநீர்த் தொட்டியின் ஒரு பகுதி உடைந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பணமில்லாத ஆணையம் புதுத் தொட்டி கட்டாது என்ற வாதம் சரியே. அந்தப் பணத்தை யாரிடமிருந்து எப்படி வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

இலவசம் உண்டு, வாசல்கள் பல

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு இந்த உயர்வு பொருந்தாது என்று அரசு அறிவித்தது. அது உண்மை. மாதம் 15,000 லிட்டருக்கு உட்பட்டுப் பயன்படுத்தும் வறுமைக்கோட்டுக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் குடிநீர் இலவசம். இந்தியாவின் பல மாநிலங்களில் இல்லாத தாராளம் இது. காகிதத்தில் படித்தால் சுள்ளிக்கல் ஏழைகளுக்குக் குடிநீர் ரசீது ஒரு பிரச்னையே அல்ல என்று தோன்றும்.

ஆனால் இந்தச் சலுகை தானாக வீடு தேடி வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் ஜனவரி 31 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டது. விண்ணப்பம் இணையவழியில். பழைய நிலுவை இருந்தால் முதலில் அதைக் கட்டித் தீர்க்க வேண்டும். மீட்டர் ஓடாமல் நின்றுபோயிருந்தால் மாற்றியாக வேண்டும். மீட்டர் வாங்குவதும் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக் கொண்டு பொருத்துவதும் வீட்டுக்காரரின் செலவு.

நிலுவை உள்ளவர்தான் உதவி தேவைப்படுகிறவர். அவருக்கு உதவி வேண்டுமானால் நிலுவை இருக்கக் கூடாது என்கிறது விதி. விதியை எழுதிய அதிகாரிக்கு வருவாயைக் காக்கும் கடமை இருந்திருக்கலாம். ஆயினும், மழைக்கு ஒதுங்க வருகிறவரை நனையாமல் வா என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு தெரியவில்லை. நின்றுபோன மீட்டரின் கதையும் இதுவே. மீட்டர் நின்றால் முந்தைய சராசரியை வைத்து ரசீது போடப்படுகிறது. அது நிலுவையாகச் சேர்கிறது. நிலுவை சேர்ந்தால் சலுகை இல்லை, பின்னர் இணைப்புத் துண்டிப்பு எச்சரிக்கை. விட்டுவிட்டு நீர் வரும் குழாய்களில் முதலில் வரும் காற்றே மீட்டரைச் சுழற்றிவிடுகிறது என்ற புகார் நாடு முழுவதும் உண்டு. நீர் ஒழுங்காக வராத பகுதிகளில் அந்தப் புகாரை அலட்சியம் செய்ய முடியாது.

அடுத்தது 15,000 லிட்டர் என்ற வரம்பு. இதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதத்துக்கு 15,000 என்றால் நாளுக்கு 500 லிட்டர். பாதாள சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற வளர்ச்சித் துறையின் பொறியியல் கையேடு வகுத்த அளவு. அதன்படி 4 பேர் கொண்ட குடும்பத்துக்கே 16,200 லிட்டர் வேண்டும்; இலவச வரம்பு தாண்டிவிடும். பாதாள சாக்கடை இல்லாத ஊர்களுக்கு அதே கையேடு சொன்ன அளவு 70 லிட்டர். அப்படிப் பார்த்தால் 7 பேர் வரை வரம்புக்குள் இருக்கலாம். மட்டாஞ்சேரியில் பாதாள சாக்கடை இல்லை. எனவே கையேட்டின்படி அங்குள்ளவர் பாதியளவு நீரில் வாழ்ந்துகொள்ள வேண்டியவர்!

ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கே இங்கு பொருந்தாது. மட்டாஞ்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் ஒரு கூரையின் கீழ் அண்ணன், தம்பி, அக்காள் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக வசிப்பது சாதாரணம். பழைய கட்டடங்களில் வாடகைக் குடித்தனங்களும் அப்படித்தான். குழாய் இணைப்பு ஒன்று, மீட்டர் ஒன்று. மூன்று குடும்பத்தில் 12 பேர் என்று வைத்துக்கொண்டால், 70 லிட்டர் வீதம் மாதம் 25,200 லிட்டர் ஆகிவிடும். மூன்று குடும்பமும் ஏழைக் குடும்பம்தான். மூன்றும் தனித்தனியே சிக்கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. அதற்கு அது ஒரே வீடு, அதிகம் செலவழிக்கும் வீடு. கூடுதல் பயன்பாட்டுக்குக் கூடுதல் விலை என்ற அடுக்கு முறை, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பணக்காரரைக் கட்டுப்படுத்த உருவானது. நெருக்கமான குடியிருப்புகளில் அது கூட்டுக் குடும்பத்தின் மீது பாய்கிறது.

இணைப்பு எடுக்க இயலாதவர்களுக்குத் தெருக்குழாய் என்ற கடைசி வழி இருந்தது. அதற்கான கட்டணத்தைக் குடிநீர் ஆணையத்துக்கு உள்ளாட்சி அமைப்பு செலுத்த வேண்டும். 2023 உயர்வில் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் ஒரு தெருக்குழாய்க்கான ஆண்டுக் கட்டணம் 8 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக இருந்ததிலிருந்து 21 ஆயிரத்தைத் தாண்டியது. செலவைக் குறைக்க விரும்பும் உள்ளாட்சி அமைப்பு எதை முதலில் அகற்றும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

ரசீதில் அச்சாகாத செலவு

மாதம் 144 ரூபாய் என்பது கேரளத்தின் கூலி நிலவரத்தில் பெருந்தொகை அல்ல என்று வாதிடுவோர் உண்டு. தொகையை மட்டும் பார்த்தால் அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மேற்கு கொச்சியின் ஏழைக் குடும்பம் தண்ணீருக்காகச் செலவிடுவதில் ஆணையத்தின் ரசீது ஒரு சிறு பகுதியே. குழாய் நின்றால் கேன் தண்ணீர். கேன் போதாவிட்டால் பலர் சேர்ந்து லாரித் தண்ணீர். இரவில் எப்போதோ வரும் நீரைப் பிடிக்க விழித்திருந்துவிட்டு, காலையில் வேலைக்குப் போக முடியாமல் இழக்கும் கூலி. அதற்கெல்லாம் எந்த மானியமும் கிடையாது.

கழிவுநீரின் கதை இன்னும் விநோதமானது. சென்னைவாசிக்குக் குடிநீர், கழிவுநீர் இரண்டும் ஒரே வாரியத்தின் ஒரே கணக்கில் வரும். கொச்சியில் பாதாள சாக்கடை என்பது எளங்குளம் சுத்திகரிப்பு நிலையத்தைச் சார்ந்த, கிழக்குக் கரையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உரியது. காயலுக்கு இக்கரையில் உள்ள சுள்ளிக்கல்லுக்கு அது வரவில்லை. ஆகவே கழிவுநீர்க் கட்டணமும் இல்லை, கழிவுநீர்ச் சலுகையும் இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். கடல் மட்டத்தை ஒட்டிய நிலம். ஏற்றவற்று நீர் புகும்போதும் பெருமழையிலும் தொட்டி நிரம்பி வழியும். கழிவுநீர் லாரியை அழைத்தால் ஒரே தடவையில் கொடுக்கும் கூலி, பல மாதக் குடிநீர்க் கட்டணத்தை விழுங்கிவிடும். பாதாள சாக்கடை பெற்ற வசதியான பகுதிக்கு அரசின் முதலீடு. பெறாத ஏழைப் பகுதிக்குச் சொந்தச் செலவு. ஏழைகளின் குடிநீர், கழிவுநீர்ச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த லாரிக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

விலையை எழுதியது யார்?

நாடாளுமன்றத்தில் எந்த நகரத்தின் குடிநீர் பற்றி எந்த உறுப்பினர் கேட்டாலும், அமைச்சரின் பதில் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: குடிநீர் மாநிலப் பொருள். அரசமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 17-வது இனமாக அது இருப்பது உண்மையே. 1992-ம் ஆண்டின் 74-வது திருத்தமோ நகரக் குடிநீரை உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளின் பட்டியலிலும் சேர்த்தது. காகிதப்படி தில்லிக்கு இதில் பங்கே இல்லை.

நடைமுறை வேறு. மரடு நிலையத்துக்கு வழிவகுத்த நேரு புனரமைப்புத் திட்டம் 2005-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியபோதே, குடிநீரை இயக்கிப் பராமரிக்கும் முழுச் செலவையும் 7 ஆண்டுகளுக்குள் பயனாளிகளிடமிருந்து வசூலிக்கும் நிலையை அடைய வேண்டும் என்ற நிபந்தனை மாநிலங்களின் முன் வைக்கப்பட்டது. அப்போது மத்தியில் ஆட்சி செய்தது காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி.

கரோனா காலத்தில் அந்தப் பிடி இன்னும் இறுகியது. 2020-ம் ஆண்டு மே 17-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மாநிலங்களின் கடன் வரம்பை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார். இதில் 1 சதவீதம், நான்கு சீர்திருத்தங்களுக்குத் தலா கால் சதவீதமாகப் பிரித்து வழங்கப்பட்டது. நான்கில் ஒன்று நகர உள்ளாட்சிச் சீர்திருத்தம். சொத்து வரிக்கும், குடிநீர், வடிகால், கழிவுநீர்க் கட்டணங்களுக்கும் குறைந்தபட்ச விலையை அறிவித்து, விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்தும் முறையையும் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம்.

வருவாய் வற்றிப்போன நேரத்தில் கடன் வாங்கும் உரிமையை எந்த மாநிலமும் மறுக்காது. கேரளத்தில் 2021-ம் ஆண்டும் 2022-ம் ஆண்டும் ஏப்ரல் மாதங்களில் குடிநீர்க் கட்டணம் 5 சதவீதம் வீதம் உயர்ந்ததற்கு இந்த நிபந்தனையே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயிரம் லிட்டருக்கு 4 ரூபாய் என்பது 4.20 ஆகி, 4.41 ஆனது இப்படித்தான். 2023-ன் 10 ரூபாய் உயர்வு இடது முன்னணியின் சொந்த முடிவு. அந்தப் பழியைத் தில்லியின் மீது போட முடியாது. ஆனால் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியது என்ற தண்டவாளத்தைப் போட்டது தில்லி. மத்தியில் தனியார்மயத்தை எதிர்த்து முழங்கும் கட்சி மாநிலத்தில் அந்தத் தண்டவாளத்தில் வண்டி ஓட்டியது. அந்த உயர்வை எதிர்த்துத் திருவனந்தபுரத்தில் குரல் எழுப்பிய காங்கிரஸ், தனது 2005 நிபந்தனையை நினைவுகூரவில்லை.

2021-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டத் திட்டமும் குழாய் இழப்பை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதைச் சீர்திருத்தங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நல்ல நோக்கம். இழப்பு குறைந்தால் கட்டண உயர்வின் தேவையும் குறையும். இருப்பினும் குழாய் இழப்பைக் குறைக்க ஆண்டுகள் ஆகும், கட்டணத்தை உயர்த்த ஓர் உத்தரவு போதும் என்பதால் எது முதலில் நடக்கும் என்பது எல்லா மாநிலங்களிலும் தெரிந்த கதை.

ரசீதில் தில்லியின் கை இன்னோர் இடத்திலும் படுகிறது. அது அதிகம் பேசப்படாதது. கேரளத்தில் இலவசக் குடிநீருக்குத் தகுதி தருவது ரேஷன் அட்டை. மஞ்சள், இளஞ்சிவப்பு அட்டைகள் ஏழைகளுக்கு. நீலமும் வெள்ளையும் மற்றவர்களுக்கு. முதல் இரண்டு நிறங்கள் 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தச் சட்டத்தில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற வரம்பை மாநிலவாரியாக நிர்ணயித்தது மத்திய அரசு. கேரளத்துக்கு ஊரகத்தில் 52.63 சதவீதம், நகர்ப்புறத்தில் 39.50 சதவீதம், மொத்தம் சுமார் 1 கோடியே 54 லட்சம் பேர். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட கணக்கு. அதற்கு மேல் ஓர் ஏழை புதிதாகச் சேர வேண்டுமானால், பட்டியலில் இருப்பவர் ஒருவர் வெளியேற வேண்டும்.

அரிசிக்காக வகுத்த வரம்பு இப்படித் தண்ணீருக்கும் வரம்பாகிவிட்டது. கணவரை இழந்தவரோ, மீன்பிடித் தொழில் நலிந்து கடனாளி ஆனவரோ நீல அட்டையில் இருந்தால், இடம் காலியாகும்வரை அவர் முழுக் கட்டணம் செலுத்தும் வசதிபடைத்தவர்.

நீதிமன்றம் சொன்னது

மேற்கு கொச்சி மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடிக்கத்தக்க நீருக்காகக் குரல் கொடுத்தும் பயனில்லை என்று விசால கொச்சி குடிவெள்ள சம்ரட்சண சமிதி தொடுத்த வழக்கில், 2006-ம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீரைப் போதிய அளவில் வழங்கத் தவறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று நீதிபதிகள் தெளிவாகக் கூறினர். நிதி இல்லை என்ற காரணம் அரசுக்குக் கவசமாகாது என்பதே அதன் பொருள். நாடெங்கும் சட்டக் கட்டுரைகளில் எடுத்தாளப்படும் தீர்ப்பு இது. தீர்ப்பு வந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் பாழூர் மோட்டார்கள் நின்றன.

2010-ம் ஆண்டு ஜூலை 28-ம் தேதி ஐ.நா. பொதுச் சபை குடிநீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமையாக அறிவித்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த 122 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. 41 நாடுகள் ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவற்றுள் அமெரிக்காவும் இருந்தது.

பிற நகரங்கள்

தலைநகரில் இலவசக் குடிநீர் 2013-ம் ஆண்டு இறுதியிலிருந்தே அரசியல் ஆயுதம். ஆம் ஆத்மி அரசு அறிவித்த 20,000 லிட்டர் இலவசத்துக்கு வருமான வரம்பு இல்லை. அட்டை நிறமும் இல்லை. ஆனால் ஓடும் மீட்டர் வேண்டும். வரம்பைத் தாண்டினால் கூடுதல் நீருக்கு மட்டுமல்ல, முழு அளவுக்கும் கட்டணம். குழாயே போகாத குடியிருப்புகளுக்கு இந்த இலவசத்தால் பயனில்லை; அங்கு லாரிதான். நிலுவைகள் இங்கும் மலைபோல் குவிந்தன. பாஜக ஆட்சிக்கு வந்த பின் 2025-ம் ஆண்டு இறுதியில் தாமதக் கட்டணத் தள்ளுபடித் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது.

ஹைதராபாத் இதில் சற்று யோசித்துச் செயல்பட்டது. 2021-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய 20,000 லிட்டர் இலவசத் திட்டத்தில், மற்ற வீடுகளுக்கு மீட்டர் கட்டாயம். குடிசைப் பகுதிகளுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. ஏழையிடம் மீட்டரைக் காட்டச் சொல்வது அவரைத் தடுக்கும் வேலி என்பதை அந்த ஒரு விதிவிலக்கு ஒப்புக்கொண்டது. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே இல்லை. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீத வரியும் நிலையான மாதக் கட்டணமும்தான். சிக்கனத்துக்கு அது உதவாது என்று பொருளாதார வல்லுநர்கள் குறை சொல்வார்கள். ஆனால் கூட்டுக் குடும்பத்தைத் தண்டிக்காத முறை என்ற அளவில் அதற்கு ஒரு மதிப்பெண் தரலாம்.

பணக்கார நாடுகளும் இதே சிக்கலில் தடுமாறுகின்றன. கரோனாவின்போது அமெரிக்க நாடாளுமன்றம் ஏழை வீடுகளின் குடிநீர், கழிவுநீர் நிலுவையைத் தீர்க்க 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஒதுக்கீடு தீர்ந்ததும் திட்டமும் முடிந்தது. ஃபிலடெல்ஃபியா நகரம் 2017-ல் வேறு வழியைத் தேர்ந்தது: எவ்வளவு நீர் என்று பாராமல், குடும்ப வருமானத்தில் ஒரு சிறு சதவீதமே ரசீது. அங்கும் முதலில் படிவங்கள் பலரைத் தடுத்தன. பின்னர் மாநில நலத்துறையின் பட்டியலோடு ஒப்பிட்டு, விண்ணப்பம் இல்லாமலேயே தகுதியுள்ளவர்களைச் சேர்க்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் அரசு உதவி பெறும் குடும்பத்தில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால், மீட்டர் எவ்வளவு ஓடினாலும் ரசீதுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

கேரளத்துக்கு இவற்றில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. ரேஷன் அட்டைப் பட்டியல் முழுவதும் கணினியில் இருக்கிறது. குடிநீர் இணைப்புகளின் பட்டியலும் கணினியில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாநில அரசின் இரு துறைகளிடம் உள்ளன. இரண்டையும் பொருத்திப் பார்த்தால், ஆண்டுதோறும் ஜனவரியில் அட்டையும் ரசீதும் எடுத்துக்கொண்டு இணைய மையத்தில் வரிசையில் நிற்கும் வேலை பெருமளவு மிச்சமாகும். ஒரு மீட்டரின் கீழ் எத்தனை ரேஷன் அட்டைகள் என்று கணக்கிட்டு, அட்டைக்கு 15,000 லிட்டர் என இலவச வரம்பைப் பெருக்குவதற்கும் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். நிலுவையைச் சலுகை தொடங்கிய பிறகு தவணையில் வசூலிக்கலாம். இதனால் ஆணையத்துக்கு ஏற்படும் இழப்பை மாநில அரசு மானியமாக ஈடுகட்டாவிட்டால் சுமை மறுபடியும் மின்வாரியத்தின் தலையில்தான் விழும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அட்டைகளின் எண்ணிக்கை மட்டும் திருவனந்தபுரத்தின் கையில் இல்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அதன் முடிவுகள் வெளிவந்து, மாநிலவாரியான உணவுப் பாதுகாப்பு வரம்பைத் தில்லி திருத்தி அமைக்கும்வரை, சுள்ளிக்கல்லில் நீல அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுக் கட்டண ரசீது வரும்.